புது மோட்டார்சைக்கிள், புதுக் கவலை: எஞ்சினை எந்த அளவுக்கு நம்பலாம்?

சாவி கைக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம். போக்குவரத்து விளக்கில் நிற்கும்போது வண்டி லேசாக அதிர்கிறது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சத்தம் காதிலேயே நிற்கிறது. போதாக்குறைக்கு நண்பர் ஒருவர், “அந்த மாடலா? எஞ்சின் ரொம்ப நாள் தாங்காதுன்னு கேள்விப்பட்டேனே” என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

புதிதாக வண்டி வாங்கும் பலருக்கும் வருகிற கவலைதான் இது. அதைச் சுமந்துகொண்டே வண்டி ஓட்ட வேண்டியதில்லை. அதற்காக, “புது வண்டிதானே, ஒன்னும் ஆகாது” என்று விட்டுவிடவும் கூடாது.

எந்தச் சத்தத்தைப் பொருட்படுத்த வேண்டாம், எதற்கு உடனே வண்டியை நிறுத்த வேண்டும், கடைக்காரரிடம் எப்போது கேட்க வேண்டும் என்று மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். இதில் முதல் 6 மாதம் மிக முக்கியம். எஞ்சினுக்கு மட்டும் இல்லை, சட்டப்படி உங்களுக்குள்ள உரிமைக்கும்தான்.

ஏன் இவ்வளவு பயம்?

காரணம் இருக்கிறது. சிங்கப்பூரில் மோட்டார்சைக்கிள் வாங்குவது என்றால் வண்டிக்கு மட்டும் காசு கொடுத்தால் போதாது. ‘டி’ பிரிவு வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது சிஓஇ, வேண்டும். அது 10 ஆண்டுக்குச் செல்லும். 2022ஆம் ஆண்டில் அதன் கட்டணம் 10,000 வெள்ளியைத் தாண்டியது. சின்ன வண்டிகளைப் பொறுத்தவரை வண்டியின் விலையைவிடச் சான்றிதழின் விலை கூடுதலாக இருந்த நேரம் அது.

அப்படிக் காசு போட்ட பிறகு எஞ்சின் 10 ஆண்டும் ஓட வேண்டும் என்று நினைப்பது நியாயம்தான். உணவு விநியோகம் செய்பவர் என்றால் கேட்கவே வேண்டாம். வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும்.

2பி உரிமம் வைத்திருக்கும் புதிய ஓட்டுநர்கள் 200 சிசி வரையுள்ள வண்டிகளை ஓட்டலாம். அவற்றில் பெரும்பாலானவை ஒற்றை சிலிண்டர் எஞ்சின்கள். காரில் உள்ளதுபோல் நான்கு சிலிண்டர்கள் மாறி மாறி வேலை செய்வதில்லை. ஒரே ஒரு பிஸ்டன்தான் மேலும் கீழும் போய் வருகிறது. கொஞ்சம் அதிர்வதும் கொஞ்சம் சத்தம் போடுவதும் அதன் இயல்பு. காரில் போய்ப் பழகிய காதுக்கு அது கோளாறு மாதிரி தோன்றலாம்.

முதல் 1,000 கிலோமீட்டரில் உள்ளே என்ன நடக்கிறது?

புது எஞ்சினின் சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்காது. அதில் வேண்டுமென்றே மெல்லிய குறுக்குக் கோடுகளைப் போட்டிருப்பார்கள். எஞ்சின் ஆயில் அந்தக் கோடுகளில் தங்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் அந்தச் சுவரில் உரசி உரசி மெல்ல அதனோடு பொருந்தும். அப்படிப் பொருந்தினால்தான் எரியும் வாயு கீழே கசியாது, ஆயில் மேலே ஏறாது.

இந்தக் காலத்தைத்தான் ‘ரன்னிங் இன்’ என்று வொர்க்‌ஷாப்பில் சொல்வார்கள். எவ்வளவு தூரம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சில கையேடுகள் முதல் 500 கிலோமீட்டரைச் சொல்கின்றன. வேறு சில, 1,600 கிலோமீட்டர் வரை படிப்படியாக வேகத்தைக் கூட்டச் சொல்கின்றன. உங்கள் வண்டியின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு.

பொதுவாகக் கவனிக்க வேண்டியவை:

• ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகிக் கிளம்பாதீர்கள்.

• விரைவுச்சாலையில் ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல், வேகத்தைச் சற்றுக் கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள்.

• உயர்ந்த கியரில் மெதுவாகப் போய் எஞ்சினைத் திணற வைக்காதீர்கள். அதுவும் அதற்குச் சுமைதான்.

• காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி பொறுத்து, பிறகு மெதுவாகக் கிளம்பினால் போதும். பத்து நிமிடம் நிறுத்திவைத்துச் சூடாக்கத் தேவையில்லை. நின்ற இடத்தில் எஞ்சினைத் தேவையில்லாமல் ஓடவிடுவது இங்கே குற்றமும்கூட.

வளையங்களும் கியர்களும் ஒன்றோடு ஒன்று பொருந்தும்போது நுண்ணிய உலோகத் துகள்கள் உதிர்ந்து ஆயிலில் கலக்கும். அதனால்தான் முதல் சர்வீஸ் சீக்கிரமே வருகிறது. பல மாடல்களுக்கு 1,000 கிலோமீட்டர் அல்லது ஒரு மாதம், இதில் எது முதலில் வருகிறதோ அது. அப்போது வடிக்கும் ஆயிலில் லேசான மினுமினுப்பு தெரிந்தால் பதறாதீர்கள். அது எதிர்பார்த்ததுதான். கையால் எடுக்கும் அளவுக்குத் துண்டுகள் வந்தால் அது வேறு கதை. உடனே கேட்க வேண்டும்.

“நான் அவ்வளவா ஓட்டலயே, 1,000 ஆகட்டும்” என்று நான்கு மாதம் முதல் சர்வீஸைத் தள்ளிப்போடுவதுதான் தவறு.

எந்தச் சத்தம் சாதாரணம்?

புது வண்டியில் கேட்கும் பல சத்தங்களுக்கு எளிய காரணம் உண்டு.

சாவியைத் திருப்பியதும் ஓரிரு நொடி ‘ங்ஙீ’ என்று வருவது எரிபொருள் பம்ப் வேலை செய்யும் சத்தம். எரிபொருளைப் பீய்ச்சும் ‘இன்ஜெக்‌ஷன்’ முறை உள்ள வண்டிகளில் அது அப்படித்தான் கேட்கும்.

வண்டியை நிறுத்திய பிறகு ‘டிங் டிங்’ என்று கேட்பது சூடான புகைபோக்கிக் குழாய் ஆறிச் சுருங்கும் சத்தம். எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தண்ணீரால் குளிரூட்டப்படும் எஞ்சின் என்றால் ரேடியேட்டர் விசிறி திடீரென்று சுழலும். நம்ம ஊர் மதிய வெயிலில் சிக்னலில் நின்றால் அது அடிக்கடி சுழலத்தான் செய்யும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மேல்பக்கத்திலிருந்து லேசான ‘டிக் டிக்’ வரலாம். வால்வுகளுக்கு மேலே வேண்டுமென்றே விடப்பட்ட சிறு இடைவெளியிலிருந்து வருவது அது. சூடானதும் சத்தம் குறைந்தால் பொதுவாகக் கவலை இல்லை. நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் வால்வு இடைவெளியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

முதல் சில நாள்களில் வரும் கருகல் வாடையும் லேசான புகையும் பெரும்பாலும் புகைபோக்கியில் பூசிய பூச்சு, எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவை எரிவதால் வருபவை. சில பயணங்களில் நின்றுவிட வேண்டும்.

இன்னொன்று. எஞ்சின் சத்தம் என்று நினைப்பது பல நேரங்களில் எஞ்சின் சத்தமாகவே இருக்காது. தளர்ந்த அல்லது காய்ந்த செயின் ‘கரகர’ என்று உரசும். ஸ்கூட்டர் என்றால் செயின் இல்லை, பெல்ட் இருக்கும். கிளம்பும்போது வரும் உதறல் அந்தப் பெல்ட்டிலிருந்தோ கிளச்சிலிருந்தோ வரலாம். எண் பலகையின் திருகு தளர்ந்திருந்தால்கூடப் பயங்கரமான சத்தம் வரும்.

கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, எஞ்சின் வேகத்தை லேசாகக் கூட்டிப் பாருங்கள். சத்தமும் கூடவே வேகமெடுத்தால் எஞ்சின் பக்கம் தேடலாம். ஓடும்போது மட்டும்தான் வருகிறது, வண்டியின் வேகத்தோடு மாறுகிறது என்றால் செயின், சக்கரம், பிரேக் ஆகியவற்றைப் பாருங்கள். ஸ்கூட்டரில் நியூட்ரல் கிடையாது. அதனால் அதை வொர்க்‌ஷாப்பிலேயே செய்யச் சொல்வது நல்லது.

எப்போது உடனே நிறுத்த வேண்டும்?

கீழே உள்ளவற்றில் ஒன்று நடந்தாலும் “வீடு வரைக்கும் ஓட்டிடலாம்” என்று நினைக்காதீர்கள்.

• சிவப்பு நிற ஆயில் விளக்கு எரிகிறது. சாவியைத் திருப்பும்போது எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டிய விளக்கு அது. ஓடும்போது எரிந்தால் எஞ்சினுக்குள் ஆயில் அழுத்தம் போதவில்லை என்று பொருள்.

• வெப்ப எச்சரிக்கை விளக்கு எரிகிறது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் மேலே பீறிட்டு அடிக்கும்.

• உள்ளிருந்து கனமான ‘டொக் டொக்’ சத்தம் வருகிறது, எஞ்சினை முடுக்கும்போது அது கூடுகிறது.

• வேகம் திடீரென்று இறங்குகிறது, எஞ்சின் இறுகிப் பிடிக்கிற மாதிரி இருக்கிறது.

• வண்டிக்கு அடியில் ஆயில் சொட்டுகிறது. பின்சக்கரத்தில் ஆயில் பட்டால் வளைவில் வழுக்கிவிடும்.

மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிந்தால் ஏதோ ஓர் உணர்கருவி தவறான தகவல் தருகிறது என்பது போன்ற காரணம் இருக்கலாம். வண்டி சரியாக ஓடினாலும் வேகத்தைக் குறைத்து, சீக்கிரம் வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள்.

புகையின் நிறமும் தகவல் சொல்லும். நீலம் கலந்த புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது. தண்ணீரால் குளிரூட்டப்படும் எஞ்சினில், சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை வந்தால் குளிரூட்டும் திரவம் உள்ளே கசியலாம். காலையில் கொஞ்ச நேரம் வரும் மெல்லிய வெண்புகை வெறும் நீராவிதான்.

விரைவுச்சாலையில் நின்றுவிட்டால்?

தீவு விரைவுச்சாலையில் எஞ்சின் அணைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை எஞ்சினைப் பார்ப்பது இல்லை. உயிரைப் பார்ப்பது.

கிளச்சை அழுத்திக்கொண்டு, சமிக்ஞை கொடுத்து, இருக்கும் வேகத்திலேயே இடது ஓரத்துக்கு வாருங்கள். அபாய விளக்கு இருந்தால் போடுங்கள். வண்டியின் பின்னால் நின்று குனிந்து பார்க்காதீர்கள். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். விரைவுச்சாலையில் பழுதாகி நிற்கும் வாகனங்களைப் பக்கத்திலுள்ள குறிப்பிட்ட கார்நிறுத்துமிடத்துக்குக் கொண்டுசேர்க்க நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்புச் சேவை இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை. அங்கிருந்து வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவது உங்கள் செலவு.

எல்லாம் அந்த ஒரு லிட்டர் ஆயிலில் இருக்கிறது

காரில் சுமார் மூன்று, நான்கு லிட்டர் எஞ்சின் ஆயில் இருக்கும். 150 சிசி மோட்டார்சைக்கிளில் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். அந்த ஒரு லிட்டர் எஞ்சினை மட்டும் பார்த்துக்கொள்வதில்லை. கியர் வண்டி என்றால் கியர்பாக்ஸ், கிளச் இரண்டும் அதே ஆயிலில்தான் ஊறிக்கொண்டிருக்கும்.

இருப்பதே கொஞ்சம் என்பதால், அதில் கால் லிட்டர் குறைந்தாலும் பெரிய வித்தியாசம். ஆயில் குறைந்தோ கெட்டுப்போயோ ஓடிய எஞ்சின் எந்த நாட்டுத் தயாரிப்பாக இருந்தாலும் தாங்காது. ‘நம்பகமான எஞ்சின்’ என்று பெயரெடுத்த வண்டியும் இதில் விலக்கு இல்லை.

ஆயில் அளவைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்:

1. சமமான தரையில் நிறுத்தி, சில நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணையுங்கள்.

2. இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். ஆயில் கீழே வடிந்து சேரட்டும்.

3. வண்டியை நேராக நிமிர்த்திப் பிடியுங்கள். பக்கவாட்டு ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால் அளவு தப்பாகக் காட்டும்.

4. கண்ணாடி வழியாகவோ அளவுகோலிலோ பாருங்கள். மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். அளவுகோலைத் துடைத்துவிட்டுத் திருகாமல் சும்மா செருகிப் பார்ப்பதா, திருகிப் பார்ப்பதா என்பது கையேட்டில் இருக்கும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து, கிலோமீட்டரோடு குறித்து வையுங்கள். மேல்கோட்டுக்கு மேலே ஊற்றுவதும் கூடாது.

எந்த ஆயில்? கையேட்டில் 10டபிள்யூ-40 போன்ற ஓர் எண் இருக்கும். கியர் வண்டிகளுக்கு ‘ஜாசோ எம்ஏ’ என்ற தர முத்திரை இருக்கிறதா என்று டப்பாவில் பாருங்கள். காருக்கான சில ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் ரசாயனம் இருக்கும். அது கிளச்சை வழுக்க வைக்கும். ஸ்கூட்டர்களின் கிளச் ஆயிலில் ஊறுவதில்லை என்பதால் அவற்றுக்கு ‘எம்பி’ தரம் சொல்லப்படுவது உண்டு. ஸ்கூட்டரின் பின்பக்க கியருக்கும் தனியாக ஆயில் உண்டு. அதைப் பலர் மறந்தேவிடுவார்கள்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 98 போட்டால் எஞ்சின் கூடுதல் நாள் உழைக்கும் என்பது இல்லை. கையேடு கேட்கும் எண்ணுக்குக் குறையாமல் போட்டால் போதும்.

குறைந்த தூரம் ஓட்டினால் எஞ்சினுக்கு நல்லதா?

வீட்டிலிருந்து எம்ஆர்டி நிலையம் வரை, அங்கிருந்து வீடு. தினமும் அவ்வளவுதான். இது எஞ்சினுக்கு ஓய்வு மாதிரி தெரியும். உண்மையில் அப்படி இல்லை.

எஞ்சின் முழுதாகச் சூடேறுவதற்குள் அணைத்தால், உள்ளே படியும் ஈரமும் எரியாத எரிபொருளும் ஆவியாகிப் போக நேரம் கிடைக்காது. இரண்டும் ஆயிலில் கலக்கும். மூடியைத் திறந்தால் பால்காப்பி நிறத்தில் பசை மாதிரி தெரிவது அதனால்தான். வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டுவது நல்லது.

மறுபக்கம், விநியோக வேலை. நின்று நின்று கிளம்புவது, நாள் முழுக்கச் சூடு, பின்னால் சுமை. பல கையேடுகள் இதைக் கடுமையான பயன்பாடு என்று கணக்கிட்டு, ஆயிலை இன்னும் சீக்கிரம் மாற்றச் சொல்கின்றன. மாதத்துக்கு 2,000, 3,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் ‘ஆறு மாதத்துக்கு ஒருமுறை’ என்ற கணக்கை நம்பவே கூடாது. கிலோமீட்டர்தான் அவருக்குக் காலண்டர்.

“அந்த மாடல் சரியில்லை” என்று சொன்னால்?

எஞ்சின் போனவர் பத்துப் பேரிடம் சொல்வார். எஞ்சின் ஒழுங்காக ஓடுபவர் அதைப் பற்றிப் பேசவே மாட்டார். அதனால் காதில் விழுவதை வைத்து மட்டும் ஒரு மாடலை முடிவுசெய்வது கடினம்.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எந்த ஆண்டு வண்டி? எத்தனை கிலோமீட்டரில் போனது? சர்வீஸ் ஒழுங்காகச் செய்தாரா? புகைபோக்கியையோ எஞ்சின் கணினியையோ மாற்றியிருந்தாரா? ஒரே பாகம் பலருக்கும் ஒரே மாதிரி போயிருந்தால் அது கவனிக்க வேண்டிய விஷயம். ஆளுக்கு ஒரு கோளாறு என்றால் அது வெறும் பேச்சாகவும் இருக்கலாம்.

உண்மையிலேயே தயாரிப்பில் குறை இருந்தால் நிறுவனம் வண்டிகளை மீட்டுக்கொண்டு இலவசமாகச் சரிசெய்து தரும். உங்கள் வண்டிக்கு அப்படி ஓர் அறிவிப்பு இருக்கிறதா என்று நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ‘ஒன்மோட்டரிங்’ தளத்திலும் முகவரிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

பழைய வண்டி வாங்கியிருந்தால்?

உங்களுக்குப் புதிது, ஆனால் வண்டிக்கு வயது ஐந்து. அப்போது கவலைப்பட இன்னும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பது. “வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் எஞ்சின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் வெப்பம் தெரிகிறதா என்று பாருங்கள். காலை நேரத்தில் முதல்முறை ஸ்டார்ட் ஆகும்போதுதான் புகை, சத்தம், திணறல் எல்லாம் வெளியே வரும். சூடேறிய எஞ்சின் பலவற்றை மறைத்துவிடும்.

மோட்டார்சைக்கிளுக்கு 3 ஆண்டான பிறகு, ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை உண்டு. அதில் தேறியது என்றால் புகை, பிரேக், விளக்கு முதலியவை அன்றைக்கு ஓகே என்று பொருள். எஞ்சினைப் பிரித்து உள்ளே பார்த்ததாகப் பொருள் இல்லை. விற்பவரைச் சாராத ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வாங்குவதே நல்லது.

சட்டம் உங்களுக்கு என்ன தருகிறது?

சிங்கப்பூரில் ‘லெமன் சட்டம்’ என்று சொல்லப்படும் பாதுகாப்பு 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டத்தின் ஒரு பகுதி அது. மோட்டார்சைக்கிளுக்கும் பொருந்தும்.

இதன் முக்கியமான அம்சம் அந்த 6 மாதம். வண்டியைப் பெற்ற 6 மாதத்துக்குள் குறை தெரியவந்தால், கொடுக்கும்போதே அந்தக் குறை இருந்தது என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர். 6 மாதம் தாண்டிவிட்டால் நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் பக்கம் வந்துவிடும்.

என்ன கேட்கலாம்? முதலில், நியாயமான காலத்துக்குள் விற்றவரின் செலவில் பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். அது முடியவில்லை, அல்லது நியாயமான காலத்தில் செய்யவில்லை என்றால், விலையில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம், அல்லது வண்டியைக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கேட்கலாம். நீங்கள் ஓட்டிய காலத்துக்கு ஒரு தொகை கழிக்கப்படலாம்.

எதற்குப் பொருந்தாது?

• வழக்கமான தேய்மானம், தவறாகப் பயன்படுத்தியதால் வந்த சேதம்.

• வாங்கும்போதே உங்களிடம் சொல்லப்பட்ட குறை.

• “இப்போ பிடிக்கலை” என்று மனம் மாறியது.

• கடையிடம் இல்லாமல் ஒரு தனிநபரிடம் நேரடியாக வாங்கிய வண்டி.

கடையில் வாங்கிய பழைய வண்டிகளுக்கும் இந்தச் சட்டம் உண்டு. ஆனால் வயது, விலை, ஓடிய தூரம் எல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். 60,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி புதுசு மாதிரி இருக்க வேண்டும் என்று கேட்க முடியாது. முழுக்க முழுக்கத் தொழிலுக்காகவே வாங்கிய வண்டி என்றால் நிலை வேறுபடலாம். கேஸ் எனப்படும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் முன்கூட்டியே ஆலோசனை கேளுங்கள்.

பேசித் தீரவில்லை என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை கோரலாம். 2 ஆண்டுக்குள் கோர வேண்டும். அங்கே வழக்கறிஞர் வைத்து வாதாட முடியாது. நீங்களே பேச வேண்டும். அதனால் கையில் ஆதாரம் இருப்பது முக்கியம்.

நிறுவனத்தின் வாரண்டி இதிலிருந்து தனி. குறித்த நேரத்தில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்பது அதில் வழக்கமாக இருக்கும் நிபந்தனை. ஜோகூரில் செலவு குறைவு என்று அங்கே சர்வீஸ் செய்பவர்கள் பலர். வாரண்டிக் காலத்தில் அப்படிச் செய்யலாமா என்பதை வாரண்டிப் புத்தகத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். புகைபோக்கியை மாற்றுவதும் அப்படித்தான். ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாவிட்டால் குற்றம். வாரண்டி கைவிட்டுப் போகவும் வாய்ப்பு இருக்கிறது.

கவலையை எழுதி வையுங்கள்

“ஏதோ சத்தம் வருது அண்ணே” என்று சொன்னால் மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு “ஒன்னும் இல்லையே” என்பார். அவர் மேல் தப்பு இல்லை. அந்த நேரத்தில் சத்தம் வந்திருக்காது.

அதனால் முதல் நாளிலிருந்தே தொலைபேசியில் ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள்:

• தேதி, கிலோமீட்டர்.

• எஞ்சின் குளிர்ந்திருந்ததா, சூடாக இருந்ததா.

• எந்த கியர், எவ்வளவு வேகம்.

• சத்தத்தோடு 20 நொடிக் காணொளி. மீட்டரும் அதில் தெரிய வேண்டும்.

• ஆயில் அளவு, ஆயில் மாற்றிய நாள், ரசீதின் படம்.

கடைக்காரரிடம் வாயால் மட்டும் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். என்ன பார்த்தார்கள், என்ன செய்தார்கள் என்று வேலைத்தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். “செக் பண்ணியாச்சு, ஓகே” என்றாலும் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். முதலில் வேறு எங்காவது கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்துவிட்டு, பிறகு விற்ற கடைக்கு வந்தால், “நீங்கதான் கை வச்சிட்டீங்களே” என்று சொல்ல இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இந்தக் குறிப்பால் இன்னொரு நன்மையும் உண்டு. மூன்று வாரம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், சத்தம் கூடவில்லை, ஆயில் இறங்கவில்லை, விளக்கு எதுவும் எரியவில்லை என்று உங்களுக்கே தெரியும். அப்போது அந்த ‘டிக் டிக்’ வண்டியின் இயல்பான சத்தம் என்று நிம்மதியாக ஓட்டலாம். அப்படி இல்லாமல் மூன்றும் மாறியிருந்தால், கடைக்காரரிடம் காட்ட உங்களிடம் ஆதாரம் இருக்கும்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

• கையேட்டைத் திறந்து ரன்னிங் இன் தூரம், முதல் சர்வீஸ், ஆயில் வகை மூன்றையும் படம் எடுத்து வையுங்கள்.

• ஆயில் அளவைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

• வண்டியைப் பெற்ற தேதியிலிருந்து 5 மாதம் கழித்து ஒரு நினைவூட்டல் வையுங்கள். எஞ்சினில் ஏதாவது உறுத்தல் இருந்தால், 6 மாதம் முடிவதற்குள் கடைக்கு எழுத்தில் தெரிவிக்க அப்போதும் ஒரு மாதம் கையில் இருக்கும்.